சம்பாப் படத்துக்கு எத்தனை ஜி.பி.?

எடை குறைந்த லேப்டாப்புக்கும் வலுவான லேப்டாப்புக்கும் உள்ள வேறுபாடு வாட் கணக்கில் தொடங்குகிறது. ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்கும் மெல்லிய வகைகளில் பெரும்பாலும் 15 வாட் அளவுக்கு வடிவமைத்த செயலி இருக்கும். இன்டெல் செயலியின் பெயரில் 'யு' என்ற எழுத்து வந்தால் அது பொதுவாக இந்த ரகம். 'எச்' என்று வந்தால் 45 வாட் ரகம். அதோடு தனி கிராஃபிக்ஸ் சிப் ஒன்றும் சேர்ந்தால், அது தன் பங்குக்கு 35 வாட் முதல் 115 வாட் வரையும் சிலவற்றில் அதற்கு மேலும் இழுக்கும். வாட் ஏறினால் சூடு ஏறும். அந்தச் சூட்டை வெளியேற்றச் செம்புக் குழாய்களும் இரட்டை விசிறியும் வேண்டும். அவற்றுக்குத் தடித்த உடல் வேண்டும், பெரிய பேட்டரி வேண்டும், செங்கல் கனத்தில் ஒரு சார்ஜரும் வேண்டும். இரண்டேகால், இரண்டரைக் கிலோ எடையில் 'கேமிங் லேப்டாப்' என்று கடைகளில் விற்கும் பொருள் இப்படித்தான் உருவாகிறது.

எடையைக் குறைக்கும் போட்டி சூடுபிடித்தது அண்மைக் காலத்தில்தான். 2007-ல் ஆசுஸ் நிறுவனத்தின் ஈ பிசி வந்தது. 2008 ஜனவரியில் ஆப்பிள், 1.36 கிலோ எடையில் மேக்புக் ஏர் என்ற கணினியை அறிமுகம் செய்தது. 2011-ல் இன்டெல் 'அல்ட்ராபுக்' என்ற பெயரில் மெல்லிய கணினிகளுக்கு ஓர் அளவுகோலை வகுத்தது. அதே 2011-ல், செப்டம்பர் 15 அன்று, தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. பிளஸ் டூ மாணவர்கள் தொடங்கிக் கல்லூரி மாணவர்கள் வரையிலானோருக்கு, எட்டு ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் வழங்கப்பட்டன. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பகுதிக் கிராமங்களில் பல வீடுகளுக்குள் நுழைந்த முதல் கணினி அதுதான்.

தொடக்கத்தில் வந்தவற்றில் 2 ஜி.பி. ரேமும் 320 ஜி.பி. ஹார்டு டிஸ்க்கும் இருந்தன. பின்னால் வந்தவற்றில் 4 ஜி.பி. ரேம், 500 ஜி.பி. டிஸ்க். தூக்கினால் கனம்தான், ஆனால் திறனில் லேசான கணினிகள். ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அடிக்கவும் டேலி பழகவும் அவை தாராளமாகப் போதின. சில ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, 2026 தொடக்கத்தில் 'உலகம் உங்கள் கையில்' என்ற பெயரில் கல்லூரி மாணவர்களுக்கு மீண்டும் லேப்டாப் வழங்கும் பணி தொடங்கியது. இந்த முறை 8 ஜி.பி. ரேமும் 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யும். பதினைந்து ஆண்டில் ரேம் நான்கு மடங்காகியிருக்கிறது. டிஸ்க்கின் கொள்ளளவு குறைந்திருக்கிறது, வேகமோ பல மடங்கு கூடியிருக்கிறது.

இந்தக் கணினிகள் எங்கே திணறுகின்றன என்பது வேலையைப் பொறுத்தது. 'ஹேங் ஆகிறது' என்ற ஒரே புகாருக்குப் பின்னால் நான்கைந்து வேறு வேறு காரணங்கள் இருக்கின்றன. காவிரி டெல்டாவிலேயே நடக்கும் மூன்று வேலைகளை எடுத்துப் பார்த்தால் அது தெளிவாகும்.

வானிலிருந்து சம்பா

சம்பா நெல் வளரும் பருவத்தில்தான் வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகை முழுக்க மேகம் மூடியிருக்கும்போது சாதாரணச் செயற்கைக்கோள் படத்தில் வயல் தெரியாது. மேகத்தை ஊடுருவும் ரேடார் தேவை. ஐரோப்பிய விண்வெளி முகமை 2014 ஏப்ரலில் ஏவிய சென்டினல்-1 செயற்கைக்கோள் அத்தகைய ரேடாரைச் சுமந்து சென்றது. அதன் வரிசையில் உள்ள ஒவ்வொரு கோளும் 12 நாளுக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்பி வருகிறது. படங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

நடவு நேரத்தில் வயலில் தேங்கி நிற்கும் தண்ணீர், ரேடார் அலையைக் கண்ணாடி போல் அப்பால் தள்ளிவிடும். படத்தில் அந்த வயல் கறுப்பாக விழும். பயிர் தூர் கட்டி நிமிர நிமிரத் திரும்பி வரும் அலை கூடும், வயல் வெளுத்துக்கொண்டே வரும். இந்தக் கறுப்பு வெளுப்பு மாற்றத்தைத் தேதி வாரியாகப் பின்தொடர்ந்தால் எங்கே எப்போது நட்டார்கள், எந்த ஊரில் நடவே நடக்கவில்லை என்பதைக் கணக்கிட முடியும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் முதலானவற்றோடு சேர்ந்து இந்த முறையைத் தமிழ்நாட்டு நெல் வயல்களில் வளர்த்தெடுத்தது. 2016-17 வறட்சியில் பயிர்க் காப்பீட்டு முடிவுகளுக்கு இத்தகைய தரவு உதவியது. சாகுபடி பொய்த்த விவசாயியின் இழப்பீட்டோடு நேரடியாகத் தொடர்புள்ள கணக்கு என்பதால், இதைச் செய்யப் பழகும் மாணவரின் கணினி அங்கே அற்ப விஷயமாக இருக்க முடியாது.

அந்தக் கணக்கின் எடையைப் பார்க்கலாம். சென்டினல்-1 படம் ஒன்று சுமார் 250 கிலோமீட்டர் அகலம் கொண்டது. கல்லணை முதல் கோடியக்கரை வரை ஒரே படத்தில் அடங்கிவிடும். அதில் ஏறத்தாழ 25,000-க்கு 16,700 புள்ளிகள், அதாவது 41 கோடிக்கு மேல். அளவீட்டுத் திருத்தம் செய்யும்போது ஒவ்வொரு புள்ளிக்கும் 4 பைட் தேவைப்படும். ஒரு படத்தில் இரண்டு அடுக்கு. ஆகமொத்தம் ஒரு தேதிக்கு 3.3 ஜி.பி. ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை 15 தேதிகள் என்றால் 50 ஜி.பி. திருத்தம், இரைச்சல் நீக்கம், நிலப்பரப்போடு பொருத்துதல் என்று மூன்று கட்டத்தையும் சேமித்தால் 150 ஜி.பி. விண்டோஸும் மற்ற மென்பொருள்களும் இருக்கும் 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யில் இதற்கு இடம் மிக நெருக்கடிதான். 4 ஜி.பி. ரேமில் ஒரு தேதிப் படத்தைக்கூட முழுதாக விரிக்க முடியாது.

ரேமுக்கும் டிஸ்க்குக்கும் உள்ள உறவு, களத்துமேட்டுக்கும் பத்தாயத்துக்கும் உள்ள உறவுதான். பத்தாயம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நெல்லைப் பரப்பிக் காயவைக்கக் களத்தில் இடம் வேண்டும். களம் சிறிதானால் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளி வந்து, காயவைத்து, மறுபடி கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டே இருக்கவேண்டியதுதான். ரேம் நிரம்பிய கணினியும் டிஸ்க்குக்கு அப்படித்தான் ஓயாமல் நடக்கிறது. இந்த வேலைக்கு 16 ஜி.பி. ரேமும் 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யும் குறைந்தபட்சத் தேவை. 32 ஜி.பி. இருந்தால் நிம்மதி. விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் சிப் இதற்குப் பெரிதாக எதையும் சேர்ப்பதில்லை.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஆய்வு ஒரத்தநாடு வட்டாரத்தைப் பற்றி மட்டும் என்றால், முதல் வேலையாகப் படத்தை 30 கிலோமீட்டர் சதுரமாக வெட்டிக்கொள்ளலாம். 10 மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் 3,000-க்கு 3,000 புள்ளிகள். 3.3 ஜி.பி. வெறும் 72 எம்.பி.யாகச் சுருங்கும். அரசு கொடுத்த 8 ஜி.பி. லேப்டாப்பே அதைச் சிரமமில்லாமல் செய்து முடிக்கும். மாவட்டம் முழுவதையும் எடுத்துக்கொண்டாலும், கூகுள் எர்த் எஞ்சின் போன்ற சேவையில் சென்டினல் படங்கள் ஏற்கெனவே ஏற்றிவைக்கப்பட்டிருக்கின்றன. கணக்கு முழுதும் அங்கே நடக்கும், விடை மட்டும் இங்கே வரும். ஆய்வுப் பயன்பாட்டுக்கு அது இலவசம். ஈச்சங்கோட்டை வேளாண் கல்லூரியிலோ ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலோ ஆய்வு செய்யும் மாணவர், புதிய லேப்டாப்புக்குக் கடன் வாங்குமுன் இந்த இரண்டு வழியையும் ஒருமுறை முயன்று பார்க்க வேண்டும்.

ஓலையும் கூறைப்புடவையும்

தஞ்சை சரசுவதி மகால் நூலகத்திலும் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் ஓலைச்சுவடிகள் பெருந்தொகையாக உள்ளன. சுவடியைப் படமெடுத்துப் பாதுகாக்கும் வேலைக்கு வேண்டிய கணினி வேறு மாதிரி. 40 சென்டிமீட்டர் நீளமும் 4 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஓர் ஓலையை, அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் சுருக்காமல் பதிவு செய்தால் ஒரு பக்கம் 27 எம்.பி. வரும். 200 ஓலை கொண்ட கட்டு, இரு பக்கமும் சேர்ந்து 400 படம், ஏறக்குறைய 11 ஜி.பி. ஒவ்வொரு படமும் சிறியது, ஆனால் எண்ணிக்கை பெரிது. எனவே இங்கே வேகமான செயலியைவிடச் சேமிப்பிடம் முக்கியம். அதைவிட முக்கியம் திரை. மலிவான லேப்டாப்புகளில் '45 சதவீத என்.டி.எஸ்.சி.' என்று நிற அளவு குறிக்கப்படும் திரை, நிறங்களில் ஒரு பகுதியைத்தான் காட்டும். கறுத்த ஓலையில் மங்கிப்போன கீறலுக்கும் பூச்சி அரித்த தடத்துக்கும் உள்ள நிற வேறுபாடு அதில் தட்டுப்படாது.

அதே திரைதான் கல்யாண ஸ்டுடியோக்காரரையும் மாட்டிவிடுகிறது. கும்பகோணத்தில் எடிட் செய்யும்போது அரக்காகத் தெரிந்த கூறைப்புடவை, ஆல்பம் அச்சாகி வரும்போது செங்கல் நிறத்தில் நிற்கும். குற்றம் சுமத்தப்படுவது அச்சகத்தின் மேல். புதிய கணினிக்கு ஒதுக்கும் பணத்தில் திரைக்கு உரிய பங்கைக் கொடுப்பவர்கள் குறைவு. உண்மையில் அது நாள்தோறும் பலன் தரும் செலவு.

திருமண வீடியோ, வலுவான லேப்டாப்புக்கு உண்மையிலேயே வேலை கொடுக்கும் தொழில். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் 4-கே காட்சி, மணிக்கு 45 ஜி.பி. பிடிக்கும். மூன்று கேமராவும் சேர்ந்து 10 மணி நேரம் ஓடினால் 450 ஜி.பி. முகூர்த்த மாதங்களில் ஒரே வாரத்தில் இரண்டு மூன்று கல்யாணம் வரும். இங்கே 1 டி.பி. எஸ்.எஸ்.டி., 32 ஜி.பி. ரேம், தொடர்ச்சியான சுமை தாங்கும் குளிர்விப்பு எல்லாமே தேவை. இந்தத் தொழிலுக்கு இணையவழிக் கணினி உதவாது. நொடிக்கு 30 மெகாபிட் ஏற்றும் இணைப்பில் 450 ஜி.பி.யை அனுப்பி முடிக்க 33 மணி நேரம் பிடிக்கும். செயற்கைக்கோள் படத்துக்குப் பொருந்திய தீர்வு கல்யாண வீடியோவுக்குப் பொருந்தாததற்குக் காரணம் இதுதான். அங்கே தரவு ஏற்கெனவே மேலே இருக்கிறது, இங்கே அது ஸ்டுடியோவின் மெமரி கார்டில் இருக்கிறது.

வீடியோவில் இன்னொரு நுட்பமும் உண்டு. இப்போதைய பல கேமராக்கள் எச்.265 வடிவில் 4:2:2, பத்து பிட் நிறத்தில் பதிவு செய்கின்றன. இதை வன்பொருளிலேயே விரித்துக் காட்டும் வசதி இன்டெல்லின் 11-ஆம் தலைமுறை உள்ளமை கிராஃபிக்ஸிலேயே இருக்கிறது. என்விடியாவில் ஆர்.டி.எக்ஸ். 50 வரிசையில்தான் வந்தது. ஆகவே பழைய ஆர்.டி.எக்ஸ். சிப்போடு ஏ.எம்.டி. செயலி உள்ள கனமான கேமிங் லேப்டாப்பில் தத்தித் தத்தி ஓடும் காட்சி, ஒரு மெல்லிய இன்டெல் லேப்டாப்பில் வழுவழுவென்று ஓடக்கூடும். கேமரா எந்த வடிவில் பதிவு செய்கிறது என்று பாராமல், சிப்பின் பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் பணம் வீணாகிவிடும்.

எது முட்டுகிறது?

கணினியில் எந்த உறுப்பு முட்டுகிறது என்பதைக் கணினியே சொல்லும். விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். வழக்கமான வேலையை ஓடவிட்டு, பத்து நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். மெமரி 90 சதவீதத்துக்கு மேல் நின்றால் ரேம் போதவில்லை. டிஸ்க் 100-ல் ஒட்டிக்கொண்டு, செயலி 20-ல் சும்மா இருந்தால் பழைய ஹார்டு டிஸ்க்தான் காரணம். செயலி 100-ல் நிற்கும்போதே அதன் வேகம் 3 கிகாஹெர்ட்ஸிலிருந்து ஒன்றரைக்கு இறங்கினால், பெரும்பாலும் சூடு தாங்காமல் தன்னைத்தானே அடக்கிக்கொள்கிறது என்று பொருள். 2020-ல் வந்த எம்1 மேக்புக் ஏரில் விசிறியே கிடையாது. சிறிய வேலைகளில் பெரிய கணினிகளை அது முந்தியது, நீண்ட வேலைகளில் மெல்ல வேகம் குறைந்தது. லேசான கணினி எதைச் செய்யும், எங்கே நிற்கும் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

முட்டுவது டிஸ்க் என்றால் புதிய லேப்டாப்பே வேண்டியதில்லை. பழைய ஹார்டு டிஸ்க் நொடிக்கு 100 எம்.பி. அளவில் படிக்கும். அதே இடத்தில் பொருத்தும் சாட்டா எஸ்.எஸ்.டி. 500 எம்.பி.க்கு மேல் படிக்கும். தாறுமாறாகச் சிதறிய சிறு கோப்புகளில் வித்தியாசம் இன்னும் அதிகம். பழைய அரசு லேப்டாப்புகளில் இந்த மாற்றத்தை ஓர் உள்ளூர் சர்வீஸ் கடையே செய்துவிடும். ஒரு தடை உண்டு. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிந்தது. அந்த லேப்டாப்புகளில் இருந்த பழைய செயலிகள் விண்டோஸ் 11 ஏற்கும் பட்டியலில் இல்லை. அவற்றில் லினக்ஸ் போடுவதே நல்ல வழி. சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் அரசு லேப்டாப்புகளோடு தொடக்கத்திலிருந்தே வந்ததுதான். பெரும்பாலோர் அதைத் திறந்து பார்த்ததில்லை.

ரேம்தான் குறை என்றால் அது சேர்க்கக்கூடியதா என்று பார்க்க வேண்டும். மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் ரேம் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும். வாங்கும்போது 8 என்றால் கடைசிவரை 8தான். 2025 பிற்பகுதியிலிருந்து செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொள்வதால் ரேமின் விலையும் கடுமையாக ஏறியிருக்கிறது. ஸ்லாட் உள்ள கணினியை வாங்கி, தேவைப்படும்போது கூட்டிக்கொள்வது இன்றைக்குப் புத்திசாலித்தனம்.

வாங்கும்போது

வலுவான லேப்டாப்தான் தேவை என்று முடிவானபின் பார்க்கவேண்டியவற்றில் முதலாவது, கிராஃபிக்ஸ் சிப்பின் வாட். ஆர்.டி.எக்ஸ். 4060 என்ற ஒரே பெயரில் 35 வாட்டிலும் 115 வாட்டிலும் லேப்டாப் உண்டு. மெல்லிய உடலுக்குள் அடக்கிய குறைந்த வாட் வகை, தடித்த உடலில் உள்ள கீழ்ப்படி சிப்பிடம் தோற்றுப்போகலாம். விளம்பரத் தாளில் இந்த எண் பொடி எழுத்தில் இருக்கும், சில நேரம் இருக்கவே இருக்காது. கேட்டு வாங்க வேண்டும். அடுத்து, 16 ஜி.பி. ரேம் ஒரே துண்டாக இருக்கிறதா, இரண்டு எட்டாக இருக்கிறதா என்பது. இரண்டாக இருந்தால் தரவு இரு வழியில் போய்வரும். உள்ளமை கிராஃபிக்ஸை நம்பியிருக்கும் கணினியில் இது கண்கூடாகத் தெரியும்.

சர்வீஸ் எங்கே என்பதும் திறனைப் போலவே பெரிய விஷயம். சில நிறுவனங்களின் கணினிக்குத் திருச்சி வரை போகவேண்டியிருக்கும். வீட்டுக்கே வந்து பழுதுபார்க்கும் வாரண்டி, தங்கள் ஊர் பின்கோடுக்குச் செல்லுமா என்று வாங்குமுன் சரிபார்ப்பது நல்லது. டெல்டாவில் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ ஒருவராவது இல்லாத தெரு அரிது. 18 வயது நிறைந்த பயணி ஒரு லேப்டாப்பைச் சுங்கவரி இல்லாமல் கொண்டுவரலாம் என்பதால், மச்சானிடமோ சித்தப்பாவிடமோ சொல்லி வாங்கிவருவது வழக்கம். அப்படி வரும் கணினிக்கு இந்தியாவில் வாரண்டி உண்டா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம், மாடலுக்கு மாடல் மாறும். அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்வதே வழி.

கனத்தோடு வாழ்வது

எடையின் விலை பஸ்ஸில்தான் தெரியும். பாபநாசத்திலிருந்தோ ஒரத்தநாட்டிலிருந்தோ காலை நேர டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு தஞ்சாவூர் வரும் மாணவி, 1.3 கிலோ லேப்டாப்பைப் புத்தகங்களோடு புத்தகமாக வைத்துக்கொள்வார். இரண்டரைக் கிலோ லேப்டாப்பும் முக்கால் கிலோ சார்ஜரும் சேர்ந்தால் பையில் வேறெதற்கும் இடமில்லை. சார்ஜரை விட்டுவிட்டு வரவும் முடியாது. முழு வேகத்தில் இந்தக் கணினிகள் பேட்டரியில் ஒன்றிரண்டு மணி நேரம்தான் தாங்கும். தவிர, பேட்டரியில் ஓடும்போது கிராஃபிக்ஸ் சிப் முழு வேகத்தையும் தராது.

மின்தடை அடுத்த கணக்கு. வீட்டு இன்வெர்ட்டரில் 12 வோல்ட், 150 ஏ.எச். பேட்டரி இருந்தால் அதில் 1,800 வாட்-மணி. இழப்பு போகக் கைக்கு வருவது 1,300 என்று கொள்ளலாம். இரண்டு சீலிங் ஃபேனும் சில விளக்கும் 180 வாட். அதோடு லேசான லேப்டாப் 40 வாட் சேர்ந்தால் ஆறு மணி நேரம் ஓடும். 200 வாட் இழுத்துக்கொண்டு வீடியோ ரெண்டர் செய்யும் லேப்டாப் சேர்ந்தால் மூன்றரை மணி நேரத்துக்குள் வீடே இருட்டு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபின் மன்னார்குடி, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கக் கிராமங்கள் பல வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தன. அத்தகைய நாட்களில் போதிய வாட் தரும் பவர் பேங்கிலிருந்து யு.எஸ்.பி. சி வழியாக ஏற்றிக்கொள்ளக்கூடிய லேசான லேப்டாப்பே கைகொடுக்கும். பழைய கணினி அப்படிப்பட்டதானால், அதை விற்றுவிடாமல் வைத்துக்கொள்ள இதுவே போதுமான காரணம்.

மாலையில் வோல்டேஜ் இறங்குவதைப் பற்றி அஞ்சவேண்டியதில்லை. லேப்டாப் சார்ஜர்கள் பொதுவாக 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும். அஞ்சவேண்டியது எர்த் இல்லாத பிளக்கைத்தான். பழைய வீடுகளில் மூன்றாவது துளை பெயருக்கு மட்டும் இருக்கும். உலோக உடல் கொண்ட லேப்டாப்பைச் சார்ஜில் போட்டுக்கொண்டு மணிக்கட்டை அதன்மேல் வைத்தால் மெல்ல விறுவிறுக்கும். லேப்டாப் பழுது என்று அதைக் கடைக்குத் தூக்கிப்போகிறார்கள். சரிசெய்யவேண்டியது வீட்டு எர்த்.

அக்னி நட்சத்திரத்தில் அறை வெப்பம் 38 டிகிரியைத் தாண்டும்போது, 25 டிகிரி அறையில் சோதித்துப் போட்ட விமரிசனங்களின் எண்கள் இங்கே பொருந்தா. வெளிக்காற்று எவ்வளவு ஏறுகிறதோ, செயலியின் சூடும் ஏறத்தாழ அவ்வளவே ஏறும். அரிசி ஆலைக்கு அருகில் உள்ள வீடுகளிலும், அறுவடைக் காலத்தில் எல்லா ஊர்களிலும் உமித்தூசும் வைக்கோல் துகளும் விசிறிக்குள் படியும். விசிறியே இல்லாத லேப்டாப்புக்கு அந்தக் கவலை இல்லை. இரட்டை விசிறி லேப்டாப்பை ஆண்டுக்கு ஒருமுறையாவது திறந்து துடைத்தாக வேண்டும்.

இத்தனையும் கூட்டிப் பார்த்தால், ஒரே இடத்தில் அமர்ந்து கனமான வேலை செய்பவருக்கு வீட்டிலோ ஸ்டுடியோவிலோ ஒரு டெஸ்க்டாப்பும், வெளியே கொண்டுபோகப் பழைய லேசான லேப்டாப்பும் பொருத்தமான இணை. ஒரே விலையில் டெஸ்க்டாப் கூடுதல் திறன் தரும், குளிர்ச்சியாக ஓடும், உறுப்புகளைத் தனித்தனியாக மாற்றிக்கொள்ளலாம். விடுதிக்கும் வீட்டுக்கும் அலையும் பொறியியல் மாணவருக்கும், மண்டபத்திலேயே படம் தொகுத்துக் காட்டும் வீடியோக்காரருக்கும்தான் வலுவான லேப்டாப் உண்மையான தேவை.

புதியது வந்ததும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் தன் வேலையையே அதில் ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். முதல் ஐந்து நிமிட வேகமும் ஐம்பதாவது நிமிட வேகமும் பெரிதாக மாறுபட்டால் அந்தக் கணினியின் குளிர்விப்பு போதவில்லை. பழையதிலிருந்து கோப்புகளை மாற்றி, இன்னொரு டிஸ்க்கில் ஒரு பிரதியும் எடுத்தபின், தம்பி தங்கைக்குக் கொடுப்பதானால் கணக்குகளை வெளியேற்றி ரீசெட் செய்து கொடுக்கலாம். பேட்டரி உப்பி டச்பேடு மேலே எழும்பியிருந்தால் சார்ஜில் போடுவதை உடனே நிறுத்தி, பேட்டரியைச் சர்வீஸ் கடையில் கழற்றி, மின்கழிவு எடுப்பவரிடம் சேர்க்க வேண்டும். பழைய இரும்புக் கடையில் போடக் கூடாது.